நிற்க வைத்துப் பார், தம்பி

என் ராசாவுக்கு அம்மா எழுதுவது.

நீ பதுளைக்குப் போய்ச் சேர்ந்ததும் போட்ட தபால் அட்டை நேற்றுக் கிடைத்தது. நாலே வரி. அதிலும் பாதி விளங்கவில்லை. டொக்டர்மாருடைய கையெழுத்து அதற்குள் உனக்கு வந்து ஒட்டிக்கொண்டுவிட்டதே! ஆஸ்பத்திரிச் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாயா, இல்லை என்றா? எதுவானாலும் வயிறாரச் சாப்பிடு. நீ நாலு வரி எழுதியதற்கு நான் பக்கம் பக்கமாக எழுதப்போகிறேன். எனக்கு இப்போது நேரம் இருக்கிறது. தண்ணீர் தூக்கக் கூடாது, மேடு ஏறக் கூடாது, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு. யார் போட்ட உத்தரவு என்று பதறாதே, வரிசையாகச் சொல்கிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வாய் குறையவில்லை என்பது உனக்கே தெரிகிறதுதானே.

நீ புறப்படுவதற்கு முதல் நாள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். அடிவயிற்றில் இடது பக்கம் அவ்வப்போது ஒரு வலி வருகிறது என்று நான் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். உடனே பெட்டியைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிலில் படுக்க வைத்து அழுத்திப் பார்த்தாய். அப்பப்பா, உன் கை! நம் டயகமத் தோட்டத்துப் பனியெல்லாம் அந்தப் பத்து விரலில்தான் இருந்தது. "ஒன்னுமில்லம்மா, வாயுதான். வயசாச்சுல்ல, பெருங்காயம் போட்டு மோர் குடிங்க" என்றாய். நான் தலையாட்டினேன். பெற்ற மகன் டொக்டராகி முதன்முதலாகத் தன் வயிற்றில் கை வைத்துப் பார்க்கும்போது எந்தத் தாய் எதிர்த்துப் பேசுவாள்? உன் அப்பா இருந்து பார்க்கவில்லையே என்று மட்டும் நினைத்தேன். ஆனால் தம்பி, நீ சொன்னது தப்பு. அது வாயு இல்லை, குடலிறக்கம். பெண்களுக்கு அபூர்வமாக வருகிற ஒரு வகை. கோபித்துக்கொள்ளாதே. இதே தப்பை நான் பத்துப் பதினொரு வருடத்துக்கு முன்னாலேயே செய்திருக்கிறேன். அதில் ஒருத்தியின் உயிர் போகப் பார்த்தது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. சொல்ல வெட்கம்.

செல்லாயிக்காவை உனக்குத் தெரியும். எட்டாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா அவளுடையது. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நான் பிரசவம் பார்க்கப் போய்விட்டால் உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு சோறூட்டியவள். ஏழு பிள்ளை பெற்றவள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் தேயிலைக் கொழுந்து எடுப்பதில் சின்னப் பெண்களைத் தோற்கடிப்பாள். அப்போது அவளுக்கு ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயதிருக்கும். அந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் என்னிடம் வந்து வயிறு வலிக்கிறது என்றாள். நான் தோட்டத்து மருத்துவிச்சி. என்னிடம் வருவதெல்லாம் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவர்கள்தான். பெற்று முடித்த கிழவிகளை யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்த்ததில்லை. தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கிற டிஸ்பென்சர் ஐயா ஆண்பிள்ளை. அவரிடம் போய் அடிவயிறு, அதிலும் ஒரு பக்கம் என்று கையை வைத்துக் காட்ட அவளுக்குக் கூசியது. அப்படியும் ஒரு தடவை போயிருக்கிறாள். அவர் துணிக்கு மேலே கை வைத்து ஒரு நொடி அழுத்திவிட்டு, பேதி உப்பு கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

அவளை என் அறை மேசையில் படுக்க வைத்துப் பார்த்தேன். வயிறு தட்டையாக, பஞ்சு போல இருந்தது. தொப்புளுக்குக் கீழே இடது பக்கம் அழுத்தினால் கொஞ்சம் நோகிறது என்றாள். வேறு ஒன்றும் இல்லை. வீக்கம் இல்லை, கட்டி இல்லை. அந்த இடத்தில் படங்குக் கயிற்றின் தழும்பு மட்டும் இருந்தது. தேயிலைச் செடி கிழிக்காமலும் மழை நனைக்காமலும் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற படங்கை அவர்கள் எவ்வளவு இறுக்கிக் கட்டுவார்கள் என்று உனக்குத் தெரியும். முப்பது நாற்பது வருடக் கயிறு. சரி, கயிறு அறுத்து வந்த வலி என்று நான் முடிவு கட்டினேன். அதோடு விட்டேனா? ஒரு பழைய துணியை நாலாக மடித்து அந்த இடத்தில் வைத்து, "இதுக்கு மேல கட்டுங்கக்கா, நல்லா இறுக்கிக் கட்டுங்க, வலி தெரியாது" என்று நானே கட்டிக் காட்டினேன். தம்பி, அந்தத் துணி மடிப்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. வெளியே தலை காட்ட வந்த நோயை நானே உள்ளே தள்ளிக் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

எட்டு மாதம் அப்படியே போனது. இடையிடையே அவள் வருவாள், நான் படுக்க வைத்துப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. ஒரு நாள் அரை நாள் ஓய்வு கேட்டாள். டிஸ்பென்சர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "நீங்க பாத்தீங்கதானே, என்னா இருக்கு?" என்றார். "எனக்கு ஒன்னும் தெரியலீங்க" என்றேன். ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை, தெரியவில்லை என்றுதான் சொன்னேன். ஆனால் அவர் காதில் விழுந்தது ஒன்றுமில்லை என்றுதான். வேலைக்குப் போகலாம் என்று துண்டு எழுதிக் கொடுத்துவிட்டார். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணி அதை எல்லாருக்கும் கேட்கப் படித்துச் சிரித்தானாம். அன்றிலிருந்து அவளுக்கு வயித்துவலி செல்லாயி என்று பெயர். நீ பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்திருந்தபோது அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தாய். நான் உன் கன்னத்தில் விட்டேன் ஒரு அறை. நினைவிருக்கிறதா? இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாய். பதினாலு வயதுப் பிள்ளையைக் கை நீட்டி அடித்தேனே என்று நான் சாப்பிடவில்லை. உண்மையில் அந்த அறை எனக்கு விழ வேண்டியது. அந்தப் பெயர் என் வாயிலிருந்துதான் கிளம்பியது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வலி அதிகமாகி, காலையிலிருந்து பச்சையாக வாந்தி எடுத்தாள். நான் போனபோது சுருண்டு கிடந்தாள். முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது. வயிறு உப்பியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டு ஆள் அனுப்பினோம். லொறி வருவதற்குள் மத்தியானம் எல்லாம் தானாகத் தணிந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டாள். டிஸ்பென்சர் ஐயா என்னைப் பார்த்த பார்வையில், இதற்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று இருந்தது. எனக்குத்தான் மனது ஆறவில்லை. நடிக்கிறவளுக்குப் பச்சை வாந்தி வருமா?

அந்த வாரமே, மாசமாக இருந்த ஒரு பெண்ணைப் பார்க்க நான் தேயிலை மலைக்குப் போனேன். கொழுந்து நிறுக்கிற நேரம். செல்லாயிக்கா கூடை நிறையக் கொழுந்தோடு வரிசையில் நின்றாள். சரிவு என்பதால் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. கூடைக் கயிறு தலையில், உடம்பு முன்னால் குனிந்திருக்கிறது, கை இடது அடிவயிற்றில் அழுத்திப் பிடித்திருக்கிறது. நான் பக்கத்தில் போய், "இன்னும் வலிக்குதாக்கா?" என்றேன். அவளுக்கு வந்ததே கோபம்! படங்குக் கயிற்றை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். நான் மடித்துக் கொடுத்த துணி கீழே விழுந்தது. என் கையைப் பிடித்து இழுத்துச் சேலைக்குள் தன் வயிற்றில் வைத்தாள்.

"படுக்கப் போட்டுப் படுக்கப் போட்டுப் பாத்தா அது எப்புடிம்மா இருக்கும்? நான் படுத்தா அதுவும் படுத்துக்கிதில்ல! இப்ப பாருங்க. இந்தா, இருமுறேன். தெரியுதா, இல்லியா?"

தெரிந்தது, தம்பி. அவள் இருமிய இருமலில் என் விரலுக்கு அடியில் ஒன்று எழுந்து வந்து முட்டியது. கோழிமுட்டை அளவு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கு மட்டும்தான் தெரியும். தோலுக்குக் கீழே ஆழத்தில், ஏதோ ஒரு போர்வைக்குள் இருந்து முட்டுகிற மாதிரி இருந்தது. எட்டு மாதம் நான் பார்த்தும் பார்க்காத ஒன்றை, எழுத்துக் கூட்டத் தெரியாத அந்தப் பெண் எனக்குக் காட்டித் தந்தாள். நான் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சிருங்கக்கா" என்றேன். "அழுவாதீங்க, கண்டாக்கையா பாக்குறாரு" என்று, மேற்பார்வைக்கு நின்ற ஐயாவைக் கண்ணால் காட்டி அவள் என்னை அதட்டினாள்.

டிஸ்பென்சர் ஐயாவிடம் சொன்னேன். "பொம்பளைக்கு அந்த எடத்துல ஏதுங்க குடலிறக்கம்?" என்று சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் படித்ததில் அது இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்தார். செல்லாயிக்காதான் மசியவில்லை. கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். அப்போதும் ஒரு நிபந்தனை போட்டாள். "ஒங்களுக்காவ ஒரே ஒரு தடவ வாறேன். அவங்களும் ஒன்னுமில்லேன்னு சொல்லிட்டா, பொறவு என்னையக் கூப்பிடக் கூடாது. செத்தாலும் என் காம்பராவுலயே கெடந்து சாவுறேன்." சொன்னால் சொன்னபடி நிற்கிறவள். அடுத்த தடவை அது உள்ளே திரும்பாமல் சிக்கிக்கொண்டால் குடல் அழுகிவிடும், பிறகு பிழைக்க வைக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. இருக்கிறது ஒரே தடவை. யோசித்தேன். கிளம்பும்போது அவளுடைய கொழுந்துக் கூடையையும் கயிற்றோடு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பஸ்ஸில் கண்டக்டர், "ஆஸ்பத்திரியிலயும் கொழுந்து எடுக்கப் போறீங்களா?" என்று கேலி பண்ணினார். "ஆமா, ஒன் மண்டையில மொளைச்சிருக்கே, அதத்தான் எடுக்கப் போறோம்" என்றாள் செல்லாயிக்கா. அவளுக்கு நோய்தான் வயிற்றில், வாயில் இல்லை.

நான் பயந்தபடியே நடந்தது. முதலில் ஒரு சின்ன டொக்டர் படுக்க வைத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. பிறகு சத்திரசிகிச்சை செய்யும் பெரிய டொக்டர் வந்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார், பொறுமையான மனிதர். அவரும் படுக்க வைத்தே நன்றாகப் பார்த்தார், இருமச் சொன்னார். படுத்துக்கொண்டு, அதுவும் நாலு ஆம்பிளைகள் சுற்றி நிற்கும்போது, எந்தப் பெண் வயிறு குலுங்க இருமுவாள்? பேருக்கு ஒரு செருமல். அவர் தலையசைத்துவிட்டுக் கைகழுவப் போனார். செல்லாயிக்கா கட்டிலை விட்டு இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு, "போவமாம்மா?" என்றாள். அந்த ஒரு வார்த்தை என் காதில் எப்படி விழுந்தது என்று சொல்லத் தெரியவில்லை. என் வாழ்நாளில் எந்த டொக்டர் முன்னாலும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். "ஐயா, இவங்கள நிக்க வச்சுப் பாருங்க, கூடையோட!" என்றேன்.

"கூடையா? என்ன கூடை, மிஸ்ஸி?" என்று என் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாம் சொன்னேன், மலையில் பார்த்ததை, பச்சை வாந்தியை, நான் மடித்துக் கொடுத்த துணியைக்கூட. அவர் கையைத் துடைத்துக்கொண்டு கட்டில் பக்கம் வந்தார். பிறகு, "ஹரி, சரி, கொண்டு வாங்க" என்றார். வெளுப்புக்குப் போக வைத்திருந்த ஈரப் படுக்கை விரிப்புகளைக் கூடையில் அள்ளிப் போட்டோம், கொழுந்தின் கனம் வரும்வரை. செல்லாயிக்கா கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றாள், இருமினாள். அவர் கை வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை! அப்போது செல்லாயிக்காவே சலித்துக்கொண்டு, "மலையில நிக்கிற மாதிரி நிக்கச் சொல்லுறீங்க. இங்க மேடே இல்லியே!" என்றாள். ஓடிப்போய்க் கட்டிலுக்கு ஏறுகிற மரப்படியை இழுத்துக்கொண்டு வந்து போட்டேன். அவள் இடது காலை அதன் மேல் வைத்தாள், வழக்கம்போல முன்னால் குனிந்தாள், பாரத்தைத் தலைக்குக் கொடுத்தாள், ஒரு இருமல் இருமினாள். பெரிய டொக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கையை எடுக்கவில்லை. "இன்னொரு தரம், அம்மா" என்றார். பிறகு சின்ன டொக்டரின் கையைப் பிடித்து அங்கே வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் நிற்கும்போதே ஊதா மருந்தால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார். படுத்தால்தான் அது ஒளிந்துகொள்ளுமே, பிறகு எங்கே என்று வெட்டுவது? இரண்டு நாள் கழித்துச் சத்திரசிகிச்சை செய்தார். என்னையும் தியேட்டருக்குள் நிற்க விட்டார். தோலைத் திறந்ததும் மேல் தசை வெள்ளையாக, பளபளவென்று, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. நான் பயந்தே போனேன். அவர் அந்தத் தசையை அதன் வரி போன திசையிலேயே மெதுவாகப் பிரித்தார். அடியில் இருந்தது! வயிற்றின் நடுத்தசை முடிகிற ஓரத்தில், உள் அடுக்குகளில் மட்டும் என் கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டை. கோட்டின் உள்துணி கிழிந்து, மேல்துணி நல்லபடியாக இருந்தால், கோட்டுப்பையில் போட்ட சாமான் இரண்டுக்கும் நடுவில் போய்ப் படுத்துக்கொள்ளுமே, அந்த மாதிரி. ஓட்டை சின்னது என்பதால்தான் அது பொல்லாதது என்றார். நுழைந்த குடல் ஒரு தரம் இறுகிக்கொண்டால் பிறகு திரும்பி வராது. குடலைச் சுற்றியிருந்த சவ்வுப் பையைத் திறந்து பார்த்தார். குடல் நல்ல நிறத்தில் இருந்தது. அதை உள்ளே தள்ளி, பையின் கழுத்தைக் கட்டி, ஓட்டையை மூடி, அடுக்கு அடுக்காகத் தைத்தார். என் வாழ்க்கையில் எத்தனையோ பிள்ளைகளைக் கையில் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அவர் கடைசித் தையலை முடிச்சுப் போட்டபோது வந்த சந்தோஷம் அதற்குக் குறைந்தது இல்லை.

செல்லாயிக்கா பிழைத்தாள். அதற்குப் பிறகு வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் லேசான வேலை கொடுத்தார்கள். டிஸ்பென்சர் ஐயா தானாகவே அவள் காம்பராவுக்குப் போய், "என் மேல கோவமா?" என்று கேட்டாராம். "கோவமெல்லாம் இல்லீங்க. அந்த பேதி உப்பத்தான் மறக்க ஏலாது" என்றாளாம். அந்த நாளிலிருந்து என் அறைக்குக் கிழவிகளும் வர ஆரம்பித்தார்கள். நானும் எந்தக் கிழவி வந்தாலும் வயசாகிவிட்டது என்ற வார்த்தையைச் சொல்வதில்லை. எங்கே வலி என்று மட்டும் கேட்பதில்லை, என்ன வேலை செய்யும்போது, எப்படி நிற்கும்போது என்று கேட்பேன். நீயும் கேள், தம்பி. அவர்கள் வாய் திறக்கும்வரை காத்திரு.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நீ போன மூன்றாம் நாள் செல்லாயிக்கா வந்தாள். கிழவிக்கு இப்போது அறுபத்தேழு, கண் மட்டும் கழுகுக்கண். நான் லயத்துப் படிக்கட்டில் ஏறுவதைக் கீழே இருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "ஏம்மா, மேட்டுல கால் வைக்கிறப்பல்லாம் கை ஏன் அங்க போவுது?" என்றாள். "வாயுக்கா. தம்பி பாத்துட்டுச் சொன்னான்" என்றேன். "தம்பி நிக்க வச்சுப் பாத்துச்சா?" என்றாள். அவளை நிற்க வைத்துக் காப்பாற்றியவள் நான்! என் வயிறு என்று வந்ததும் நானும் படுத்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறேன். அவள் பழைய கூடையை எடுத்து வந்து, தண்ணீர்க் குடத்தை அதில் இறக்கி என் தலையில் மாட்டி, வாசற்படியில் ஒரு காலை வைக்கச் சொன்னாள். "இருமுங்க" என்றாள். இருமினேன். அவள் கை என் வயிற்றில் இருந்தது. "இருக்கு" என்றாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஏனென்று தெரியாமல் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அவள்தான் என்னை டவுனுக்குக் கூட்டிப்போனாள், கூடையை அவளே தூக்கிக்கொண்டு. அந்தப் பழைய டொக்டர் மாறிப் போய்விட்டார். இப்போது இருக்கிறவரும் நல்லவர். செல்லாயிக்கா அவருக்கு ஒரு பாடமே நடத்திவிட்டாள். சத்திரசிகிச்சை அவசியம், வெள்ளிக்கிழமையே செய்துவிடலாம் என்றார். நான்தான் அடுத்த புதன்கிழமை வரை தவணை கேட்டேன். பாரம் தூக்காமல், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்தால் சரி, வாந்தி வந்தால் அந்த நிமிடமே வந்துவிட வேண்டும் என்று சம்மதித்தார். அதனால் டவுனில் உன் சின்னம்மா வீட்டில் இருக்கிறேன். செல்லாயிக்காவும் கூடவே இருந்து என்னை ஆட்டிப்படைக்கிறாள். எனக்குப் பயம் இல்லை. அந்தத் தையலை நான் கண்ணால் பார்த்தவள்.

தவணை எதற்குத் தெரியுமா? உனக்காகத்தான். தைத்துவிட்டால் பிறகு அங்கே உனக்குக் காட்ட ஒரு தழும்பைத் தவிர ஒன்றும் இருக்காது. புத்தகத்தில் எத்தனை தரம் படித்தாலும் அந்த முட்டல் கைக்குத் தெரியாது. ஒரு தரம் தெரிந்துவிட்டால் சாகும்வரை மறக்காது. நாளைக்குப் பதுளையில் ஏதோ ஒரு மலையிலிருந்து ஒரு செல்லாயி ஒரே ஒரு தடவை என்று சொல்லிக்கொண்டு உன்னிடம் வருவாள். அவளைத் திருப்பி அனுப்பாத கை உனக்கு வேண்டும். இரண்டு நாள் லீவு கேட்டுக்கொண்டு செவ்வாய்க்கிழமை ரயிலில் வந்துவிடு. சின்னம்மா வீட்டு வாசலில் மூன்று படி இருக்கிறது. நான் ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்கிறேன், கூடையைச் செல்லாயிக்கா ஒரே ஒரு நிமிடம் மாட்டிவிடுவாள். நீ வரும்போது கையை மட்டும் கொஞ்சம் சூடாக்கிக்கொண்டு வா.

அம்மா